டிரையருக்குக் கட்டிய வால்

நங்கை,

மகள் வீட்டுப் பால்கனியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெங்களூரில் மழை விட்டபாடில்லை. துணி காயவைக்க அவள் ஒரு டிரையர் வாங்கி வைத்திருக்கிறாள். பேரனின் ஜட்டி எவ்வளவு நேரம் சுற்றியும் ஈரமாகவே வெளியே வருகிறது என்று அவளுக்குக் கோபம். "மெக்கானிக்குக்குப் போன் பண்ணியாச்சும்மா, நீ தொட்டுக்கிட்டு இருக்காதே" என்றாள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை முன்னால் இழுத்து, பின்னாலிருந்த நெளிநெளிக் குழாயைக் கழற்றினேன். ஒரு கை பஞ்சு மடியில் விழுந்தது. சூடும் ஈரமுமாகப் புழுங்கின பருத்தி வாசம்.

அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள். போனவர்கள் எல்லாம் அமாவாசைக்கு வருவார்கள், கனவில் வருவார்கள். நீங்கள் டிரையர் பஞ்சில் வருகிறீர்கள். வருவதற்கு உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

"நங்கை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "யாரு அம்மாயி அது?" என்று பேரன் கேட்டான். "என்ற அண்ணன் சம்சாரம். நம்ம பக்கம் அப்படித்தான் கூப்புடுவோம்" என்றேன். "அவங்க எங்கே?" என்றான். பஞ்சைக் காட்டினால் பயந்துவிடுவான் என்று சும்மா இருந்தேன்.

உங்களால்தான் நான் அந்தப் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தேன். சேவூரில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தவள். என் பேரும் எண்ணும் எழுதத் தெரியும், அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. "துணி புடிச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணுமுங்க" என்று மேனேஜரிடம் கேட்டு, துணியைச் சோதிக்கிற உங்கள் ரூமிலேயே என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். எனக்கு மண்ணரையில் வாடகை வீடு. பொழுது சாய்ந்தால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடுவேன். நீங்கள் வரமாட்டீர்கள், வந்து போக உங்களுக்கு வெளியே ஒன்றும் இல்லை. முன்னால் கம்பெனி, பின்னால் முதலாளி வீடு, பக்கவாட்டுச் சுவரை ஒட்டி வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், அதில் கடைசி வீடு உங்களுடையது. அண்ணன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உங்கள் வேலை, புருஷன் வேலை, சோறு பொங்குகிற அடுப்பு, குடிக்கிற தண்ணீர் எல்லாம் ஒரே மதிலுக்குள். கடுகு வாங்கப் போனாலும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நீங்கள் அந்தக் கேட்டைத் தாண்டியது, மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்களை அமரர் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன அன்றைக்குத்தான். அன்றைக்கும் வாட்ச்மேன் கையைக் காட்டி வண்டியை நிறுத்தப் பார்த்தான். பழக்கதோஷம்.

நம்முடைய ரூம் மாடியில், பேக்கிங் ஹாலின் மூலையில் இருந்தது. இரண்டு பக்கம் கண்ணாடி, இரண்டு பக்கம் சுவர். சுவரில் ஒரு ஜன்னல் இருந்ததாம். பஞ்சு பறந்து வெள்ளைத் துணியில் ஒட்டுகிறது என்று பிளைவுட் வைத்து அடித்துவிட்டார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே நான் கேட்டேன்:

"ஏனுங்க நங்கை, நம்மளை உள்ள வெச்சிருக்காங்களா, இல்ல மத்தவங்களையெல்லாம் வெளிய வெச்சிருக்காங்களா?"

"வாய மூடிட்டுத் துணியப் புடி அம்மணி" என்றீர்கள்.

அந்த ரூமுக்குள்தான் அமெரிக்காவில் யார் வீட்டிலோ உழைத்துக் களைத்துக் கப்பலேறி வந்த டிரையர் இருந்தது. வெள்ளையாக வந்ததாகச் சொன்னீர்கள். நான் பார்க்கும்போது முற்றிப் பழுத்த வெள்ளரிக்காய் நிறம். சட்டை வாங்குகிற ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் எந்த மாதிரிப் பெட்டியில் போட்டுக் காயவைக்கிறார்களோ, அதே மாதிரிப் பெட்டியில் போட்டுத்தான் நாமும் துணியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆர்டர் கொடுக்கிற பையர் போட்ட சட்டம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் சும்மா கிடந்தது. நாம் கரண்டுக் காசு கட்டி, பெட்டிக்குள் வெயில் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

துணியில் ஒரு கட்டம் போடுவோம். மூன்று தடவை துவைத்து, மூன்று தடவை டிரையரில் சுற்றவிட்டு, கட்டம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று நீங்கள் ஸ்கேல் வைத்து அளப்பீர்கள். ஒத்துக்கொண்ட அளவுக்குள் நின்றால் துணி கட்டிங்குக்குப் போகும். நிற்காவிட்டால் போகாது. நீங்கள் 'பாஸ்' என்று சொன்னால்தான் அண்ணன் கத்தியைத் தொட முடியும். வீட்டில் ஒரு நாளும் உங்கள் பேச்சைக் கேட்காத மனுஷன், கம்பெனியில் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதை நான் அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் என் தொடையில் கிள்ளினீர்கள்.

ஒரு நாள் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. குரலே உயராது. கத்துகிற ஆளைச் சமாளித்துவிடலாம். இவர் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, கையைப் பிடித்து ஆளைக் கிணற்றுக்குள் இறக்குவார்.

"போன ஆர்டர் சட்டையெல்லாம் அங்க ஒரே தொவையில கொழந்தைக்குப் போடற மாதிரி ஆயிருச்சுங்களாமா. உங்க ரிப்போர்ட்ல பாஸ்னு இருக்குதுங்க."

"நா சரியாத்தானுங்க அளந்தேன்."

"உங்களை நான் தப்பு சொல்லலீங்க. உங்க கைதான் தப்புங்க." கொஞ்சம் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப ஓடற ஆர்டர்லயும் இப்படி ஆச்சுன்னா மொதலாளிகிட்ட என்னால பேச முடியாதுங்க. மாஸ்டரையும் சேத்து வேற எடம் பாத்துக்கச் சொல்லிருவாரு. லைன் வீடு கேட்டு ஆளுங்க வேற வந்துக்கிட்டே இருக்காங்க."

அவர் போன பிறகு நீங்கள் உங்கள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அது யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

அன்றிலிருந்து அந்தக் கையை நீங்களே நம்பவில்லை. ஒரே கட்டத்தை அளப்பீர்கள், ஸ்கேலைக் கீழே வைப்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள், மறுபடி அளப்பீர்கள். சோற்று டப்பாவைத் திறக்கும்போதுகூடச் சரியாகத்தான் திறக்கிறோமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீட்டை விட்டால் அண்ணனுக்கும் வேலையில்லை. போகட்டும், வேறு கம்பெனி என்று நினைத்தாலும், 'கை தப்பான பொம்பளை' என்ற பேர் மண்ணரையிலிருந்து அனுப்பர்பாளையம் வரைக்கும் எல்லா கேட்டிலும் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். இருக்கவும் முடியாது, கிளம்பவும் முடியாது.

இதை மகளிடம் சொன்னால், "அட, அத்தை போங்கடான்னு வந்திருக்கலாமில்லம்மா?" என்கிறாள். ஏழாவது மாடியில் இருக்கிறாள். அவளுக்கு மதில் என்றால் கீழே குட்டியாகத் தெரிகிற ஒரு கோடு.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வாயடிப்பது. நீங்கள் அப்படி முகம் செத்து உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், டிரையருக்குள்ளிருந்து துணியை எடுத்து, வழக்கம்போல ஃபேனுக்கடியில் கட்டியிருந்த கயிற்றில் போட்டேன். போட்டுக்கொண்டே சொன்னேன்:

"இது டிரையரே இல்லீங்க நங்கை. தேரு. ஊரைச் சுத்திட்டு வருது, எடுத்துப் பாத்தா போனது போனபடி இருக்குது."

நீங்கள் நிமிர்ந்தீர்கள். "என்ன சொன்னே?"

"தேருன்னேன். தப்புங்களா?"

"அப்பக் காய வெக்கறது யாரு?"

"நம்ம ஃபேனுங்க."

நீங்கள் எழுந்து வந்து, கயிற்றில் தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தீர்கள். ஈரம். எப்போதும் அது ஈரமாகத்தான் வரும். பெட்டி கிழடு, அப்படித்தான் வரும் என்று நாம் கயிறு கட்டிப் பழகியிருந்தோம். நான் வருவதற்கு முன்பே அந்தக் கயிறு இருந்தது. பெட்டிக்குள் சூட்டில் உருண்டு புரண்டு காய்ந்தால்தான் பனியன் துணி தன் முழுச் சுருக்கத்தையும் காட்டும். ஃபேனுக்கடியில் காலை நீட்டித் தொங்கிக்கொண்டு காய்ந்தால் அது ஏன் சுருங்கப் போகிறது?

"என்ற கை சரிதான் அம்மணி" என்றீர்கள், மெதுவாக. "துணி காய வேண்டிய எடத்துல காயல."

மேனேஜரிடம் சொல்லலாம் என்றேன். "எதை வெச்சுச் சொல்றது? மிஷின் மேல பழி போடறேம்பாரு" என்றீர்கள். தையல் மிஷின் மெக்கானிக்கை நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "வெளிநாட்டு அய்ட்டமுங்க, ஏதாச்சு ஆச்சுன்னா என்ற தலையில கட்டிருவாங்க" என்று ஸ்குரூ டிரைவரை மட்டும் கொடுத்துவிட்டு நழுவினார். கோயமுத்தூரிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் மேனேஜர் சொல்ல வேண்டும். மேனேஜரோ உங்கள் கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹால் காலியானது. நீங்கள் புடவையை இடுப்பில் செருகினீர்கள். நான் பெட்டியின் முதுகைத் தொடப் போனேன். "பிளக்கப் புடுங்குனியா?" என்று ஒரு அதட்டு. பிடுங்கினேன். பின் தகட்டைக் கழற்றினோம். உள்ளே ஒரு பிரசவ வார்டு நாற்றம். முதலில் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தீர்கள். கிரீச் கிரீச் என்று அழுதது. டிரம்மைத் தாங்குகிற சின்ன உருளைகளின் அச்சில் நூல் சுற்றியிருந்தது, ஒன்று இரண்டல்ல, தீபாவளி நோன்புக் கயிறு மாதிரி. வருஷக்கணக்கில் நம் துணி ஓரத்திலிருந்து பிரிந்து போன நூல். செக்கிங் பெண்கள் நூல் வெட்ட வைத்திருக்கும் டிரிம்மரால், காது குடைகிற மாதிரி அதை வெட்டி வெட்டி எடுத்தீர்கள். அழுகை நின்றது. ஈரம் நிற்கவில்லை.

"சூடு வருதான்னு பாக்கோணும்" என்றீர்கள். தகட்டை மூடாமலே பிளக்கைச் செருகினோம். "கையக் கட்டிக்கிட்டு அக்கட்டால நின்னு பாரு. தொட்டீன்னா உன்ற அண்ணனுக்கு நா பதில் சொல்லோணும்." கம்பிச் சுருள் சிவந்தது. அழகாகச் சிவந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கும்போதே 'டக்' என்றது. கருத்துவிட்டது. டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சூடு மிஞ்சினால் தானே அணைத்துவிடுகிற பொத்தான் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று நீங்கள் காட்டினீர்கள். ஆறினதும் மறுபடி சிவந்தது. மறுபடி டக்.

"கம்பி நல்லாத்தான் இருக்குது. பொத்தானும் நல்லாத்தான் இருக்குது. இதுக்கு மூச்சு முட்டுது, அதான் அணைச்சுக்குது."

"எனக்குந்தானுங்க முட்டுது. என்னை எந்தப் பொத்தான் அணைக்குது?"

நீங்கள் கேட்கவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து கிளம்பிச் சுவருக்குள் போகிற தகரக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஈரக் காற்றும் பஞ்சும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சுவர் வரைக்கும்தான் அது நம்முடைய குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி வீட்டுச் சந்து. அங்கே அது என்ன ஆகிறது என்று உள்ளே இருந்த நமக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நீங்கள் அந்தச் சந்துக்குள் போனதே இல்லை. கம்பெனி ஆட்கள் அங்கே போகக் கூடாது.

அதற்கு யோசனை சொன்னது நான். பெருமைக்குச் சொல்லவில்லை, கெட்ட யோசனையெல்லாம் எனக்குத்தான் வரும். டிரையரை ஓடவிட்டுவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு சோதனைத் துணியைச் சந்துக்குள் போட்டேன். அது நேராகப் போய் முதலாளியின் கருப்புக் கார் மேல் விரித்துப் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் வாட்ச்மேனிடம் ஓடினோம்.

"துணி பறந்து உள்ள உழுந்துருச்சுங்க."

"காத்தே இல்லியேம்மா!"

"உங்களுக்கு இல்ல. மாடியில இருக்குதுங்க" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சந்துக் கதவைத் திறந்தான்.

உள்ளே போனதும் நீங்கள் துணியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். நம் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு பனியன் துணி, மெஷினில் ஓடி வருகிற உருளைத் துணி, தைக்காமலே பை மாதிரி இருக்குமே, அது. மேலே குழாய் வாயோடு சேர்த்து நாடா போட்டுக் கட்டி, கீழே முனையையும் முடிந்து தொங்கவிட்டிருந்தார்கள். சாம்பல் நிறம். கனத்து, ஈரம் ஊறி, எருமை மடி மாதிரி கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது.

"நங்கை, நம்ம பெட்டிக்கு வாலு இருக்குதுங்க!"

"வாலு இருக்கட்டும். அது ஏன் ஆடல?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மேலே டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று வந்தால் அது உப்பி ஆட வேண்டும். செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன்தான் சொன்னான். கார் வந்த புதிதில் குழாயிலிருந்து பஞ்சு பறந்து வந்து அதன் மேல் ஒட்டியதாம். முதலாளி ஒரு வார்த்தை சொன்னாராம். மேனேஜர் அன்றைக்கே ஏணி போட்டு ஏறித் தன் கையாலேயே அதைக் கட்டிவிட்டுப் போனாராம். நம் ஊரில் வேறென்ன செய்வார்கள்? குழாய் ஒழுகினாலும் பனியன் துணி, வண்டி டேங்க் கசிந்தாலும் பனியன் துணி, கை அறுந்தாலும் பனியன் துணி. காற்றுக்கும் அதையே கட்டினார். முதல் கொஞ்ச நாள் பஞ்சைப் பிடித்துக் காற்றை விட்டிருக்கும். அப்புறம் பஞ்சும் ஈரமும் சேர்ந்து உள்ளே கம்பளியாகக் கட்டிவிட்டது. அவிழ்த்துக் கொட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போக வழியில்லாத புழுக்கமெல்லாம் திரும்பி நம் ரூமுக்கே வந்து, நாம் இருவரும்தான் அதில் வெந்துகொண்டிருந்தோம்.

நீங்கள் எட்டி, இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தீர்கள். முதலில் வரவில்லை. முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டீர்கள். நாடா அறுந்து, 'தொப்' என்று அது உங்கள் காலடியில் விழுந்தது. உடனே சுவர் பெருமூச்சு விட்டது. அடைத்துக் கிடந்த பஞ்செல்லாம் எருக்கம்பஞ்சு மாதிரி ஒரே மொத்தமாகக் கிளம்பி, கார் மேலும், வாட்ச்மேன் மீசை மேலும், உங்கள் தலை மேலும் இறங்கியது. வாட்ச்மேன் "அய்யோ காரு, அய்யோ காரு" என்று துணியைத் தேடினான். நீங்கள் அசையவில்லை. கண்ணை மூடி, அந்த வெதுவெதுப்பான காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். எத்தனையோ முறை உங்களைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். அப்படி நின்று பார்த்ததில்லை.

காரை நான்தான் துடைத்தேன், மாடியிலிருந்து போட்ட துணியை வைத்தே.

மேலே வந்து மிச்சத்தையும் பார்த்தீர்கள். டிரம்மின் முன்பக்க வளையத்தில் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை தேய்ந்து, சூடு அந்த வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அயர்ன் டேபிளில் விரித்துக் கழித்துப் போட்ட தடித்த கம்பளித் துண்டை அளந்து வெட்டி, ஊசியால் பிடித்துத் தைத்தீர்கள். பெல்ட் கொஞ்சம் தளர்ச்சிதான். "அது இருக்கட்டும், எனக்கும் இடுப்பு தளர்ந்துதான் கெடக்குது" என்றீர்கள். ஓடும் ஆர்டரின் துணியை எடுத்து முதலிலிருந்து கட்டம் போட்டோம்.

மறுநாள் மூன்றாவது சுற்று முடிந்து கதவைத் திறந்தபோது, துணி அப்பளம் மாதிரி சுடச்சுட வந்தது. ஃபேனுக்கடியில் போக வேண்டிய வேலையே இல்லை. நீங்கள் ஸ்கேல் வைத்தீர்கள். ஒரே ஒரு தடவைதான் அளந்தீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். துணி ஒத்துக்கொண்ட அளவைத் தாண்டிச் சுருங்கியிருந்தது.

"உங்க கை சரின்னு ஆயிருச்சுங்க!" என்று நான் குதித்தேன்.

"ஆயிருச்சு" என்றீர்கள். "ஆர்டரும் போயிருச்சு."

என் குதிப்பு நின்றுவிட்டது. முன்பே 'பாஸ்' ஆகிவிட்ட அந்தத் துணியில் பாதியை அண்ணன் ஏற்கெனவே வெட்டி, தைத்தும் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கம்பெனிக்கு இடி, இடி விழுவது லைன் வீட்டில். சொல்லாவிட்டால் சட்டை அங்கே போய்ச் சுருங்கும், பழி மறுபடியும் உங்கள் கைக்கு. கதவைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து நீங்கள் திறந்தால், அந்தப் பக்கம் இன்னொரு சுவர்.

மேனேஜர் வந்தார். காரில் மறுபடி பஞ்சு. பின்னாலேயே அண்ணன். நீங்கள் துணியையும் ஸ்கேலையும் அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. சரிங்க. இப்பப் பழையபடி கட்டிருங்க."

"கட்டுனா துணி காயாதுங்களே."

"காய வேண்டாமுங்க. இந்த ஆர்டர் போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் உங்களைப் பார்க்காமல் சொன்னான்: "கட்டிப் போட்டுரு. ஒரு முடிச்சுத்தானே? எத்தனை பேரு சோறு இதுல இருக்குது." அவன் கெட்டவனில்லை நங்கை. அவனுக்கும் அதே மதில்தான்.

நீங்கள் டிரையர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு உங்கள் குரலும் உயரவில்லை. மேனேஜரைவிடப் பணிவாகவே கேட்டீர்கள்:

"கட்டறேனுங்க. இந்த ஒண்ணுக்கு நா கட்டிருவேன். சட்டை வாங்கறவங்க ஊட்டுக்கு ஒரு டிரையர் வெச்சிருப்பாங்களே, அதுக்கெல்லாம் யாருங்க போயி வாலு கட்டறது?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வார்த்தை எனக்கு வந்திருக்க வேண்டியது. வாழ்நாள் முழுக்க வாயடித்த எனக்கு வராமல், ஒரு நாளும் வாயடிக்காத உங்களுக்கு வந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தான். மேனேஜர் அந்தத் துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மடித்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெட்டாத துணியை மறுபடி கம்பாக்டிங்குக்கு அனுப்பினார்கள், சுருங்க வேண்டியது முன்னாலேயே சுருங்கட்டும் என்று. தைத்த சட்டைகளை வேறெங்கோ தள்ளிவிட்டதாகக் கேள்வி. கம்பெனி விழுந்துவிடவில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்பவுமில்லை. உங்களை மட்டும் அந்த ரூமை விட்டு எடுத்தார்கள். "கேக்காம மிஷினைத் தொட்டுட்டீங்கன்னு மொதலாளிக்கு வருத்தமுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்" என்று, ஹாலில் செக்கிங் டேபிளில் நிறுத்திவிட்டார் மேனேஜர். கையைச் சரியென்று காட்டினீர்கள். அந்தக் கையால் இனி அளக்க வேண்டாம் என்றார்கள். அண்ணன் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. லைன் வீடு இருந்தது. வேலை இருந்தது. மதிலும் அப்படியேதான் இருந்தது.

உங்கள் இடத்தில் என்னை வைத்தார்கள். வாலாட்டாத ஆள் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

ரெண்டு நாள் போயிருக்கும். மேனேஜர் கண்ணாடி ரூமுக்குள் வந்தார். கையில் புத்தம் புது உருளைத் துணி, வெள்ளை வெளேரென்று, நாடாவெல்லாம் கோர்த்து. ரெண்டு மடிப்பாக என் மேசையில் வைத்தார்.

"அம்மணி, இதைக் கொண்டுபோய்க் குழாயில கட்டிருங்க. காரு அசிங்கமாகுதுன்னு மொதலாளி சொல்றாரு. ஏணி சந்துல இருக்குதுங்க."

என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலையில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம். இந்த ரூமை விட்டால் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட மிச்சமில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். ஹாலில் நீங்கள் ஒரு சட்டையை விரித்து, கையை அதன்மேல் வைத்தபடி, வேலை செய்யாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் செய்துவிடுவேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். செய்தால் கோபித்துக்கொண்டிருக்கவும் மாட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு ஏணி ஏறத் தெரியாதுங்களே" என்றேன்.

"ஒரு முடிச்சுத்தானுங்க."

"அதையேதானுங்க நானும் சொல்றேன். ஒரு முடிச்சு, நீங்களே போட்டுருங்க. போன தடவை நீங்க கட்டுன முடிச்சு அத்தனை வருசம் நின்னுதுங்களே! என்ற கையில அந்த ராசி இல்லீங்க. நா கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கறேன். மொதலாளி காருக்கு வந்தாருன்னா, 'மேனேஜருங்க, போன ஆர்டர் சுருங்கறதுக்கு முன்னாடி கட்டுனாரே, அதே வாலைத்தான் திரும்பக் கட்டறாருங்க'ன்னு நானே எடுத்துச் சொல்லிக்கறேன். நீங்க பேசவே வேண்டாமுங்க."

மேனேஜர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கலாமா கோபப்படலாமா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை. கடைசியில் துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் யாரோ வந்து குழாயின் முனையில் ஒரு வளைவுத் துண்டை மாட்டி, வாயை ஜெனரேட்டர் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு வளைவு. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. அதற்காக யாரும் உங்களைத் திரும்ப ரூமுக்குக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் நீங்கள் அந்த ஹாலில் நின்றுகொண்டேதான் நூல் வெட்டினீர்கள்.

ஆனால் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு போன அந்தக் கணத்தில் நான் உங்கள் பக்கம் திரும்பினேன். நாங்கள் பேசியது ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கேட்டிருக்காது, நடுவில் கண்ணாடி. அவர் கக்கத்தில் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டு போவதை மட்டும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, விரித்திருந்த சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டீர்கள். அழுகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். பிறகுதான் தோளைப் பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாமல். பக்கத்து டேபிள் பெண் என்ன என்ன என்று உங்களைப் பிடித்து உலுக்குகிறாள். நீங்கள் சட்டைக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.

எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்துவிட்டேன் நங்கை. வாய்தானே என் சொத்து. இப்போதும் யாராவது சிரித்தால் நான் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை. தோளைப் பார்க்கிறேன்.